நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள்



இந்த மாதக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். எங்க வகுப்பில் பாதிப் பேர் காந்தி, மீதிப் பேர் காமராசர், பாரதியார். நான் எழுதப்போகிறவரை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் தெரியும்கிறதே உங்களுக்குத் தெரியாது!

திருவிழாவுக்கு எங்க ஊர்ல வள்ளி திருமணம் நாடகம் போடுவாங்க அல்லவா? விடிய விடிய நடக்கும். நான் அப்பத்தா மடியில் படுத்துத் தூங்கிவிடுவேன். வள்ளி தினைப்புனம் காக்க வரும்போது எழுப்பிவிடச் சொல்வேன். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது கிழவிகள்கூட கொட்டாவி விடமாட்டார்கள். அந்த நாடகத்தை எழுதியவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

இவர் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பாவே தமிழ் படித்த புலவர், அவரிடம் முதலில் பாடம் கற்றார். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணம் படித்தார். வெண்பாவும் சந்தப் பாட்டும் சின்ன வயதிலேயே தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த வேலை உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது! 24-ஆவது வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் கூத்தாடி என்றால் மரியாதை கிடையாது.

அவருக்குக் கிடைத்ததெல்லாம் பயங்கரமான வேஷங்கள். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். நல்ல உருவம், கணீர்க் குரல். ஒரு நாள் நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேஷத்தைக் கழுவக் குளக்கரைக்குப் போனாராம். துணி துவைக்க வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைப் பார்த்து அலறி விழுந்து, உயிரே போய்விட்டதாம். இன்னொரு முறை சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது என்கிறார்கள். நாமாக இருந்தால் நம்ம நடிப்பு அவ்வளவு நல்லா இருக்குன்னு பெருமையடித்திருப்போம். அவர் மனசு உடைந்து நடிப்பதையே நிறுத்திவிட்டார். அந்தப் பெண்கள் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அவர்களை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் துறவி மாதிரி கோயில் கோயிலாகச் சுற்றினார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டையில் கஞ்சிரா வாசிப்பதில் பேர் பெற்ற மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து மறுபடி நாடகத்துக்கு வந்தார். இந்தத் தடவை நடிகராக இல்லை, வாத்தியாராக. கதை, வசனம், பாட்டு எழுதுவது, நடிக்கச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் வாத்தியார் வேலை. அதற்கு முன்னால் மேடையில் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசுவார்களாம். இன்னார் இந்த இடத்தில் இதைத்தான் பேசணும், இந்தப் பாட்டைத்தான் பாடணும் என்று ஒழுங்கு கொண்டுவந்தவர் இவர்.

ஆனால் பெரிய நடிகர்கள் அடங்குவார்களா? மேடையிலேயே போட்டி போட்டுக்கொண்டு கதையை எங்கேயோ கொண்டுபோய்விடுவார்கள். அதனால் 1910-ல் சிறுவர்களை வைத்தே சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் பாட்டுக்குப் புகழ் பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா அதில் இருந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில் சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். சண்முகம் அப்போது ஆறு வயசுப் பையன்! நம்ம பள்ளியில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வயசு. பெண் வேஷமும் பையன்களேதான் கட்டுவார்கள்.

அந்தச் சண்முகத்தை மனசில் வைத்து எழுதியதுதான் அபிமன்யு சுந்தரி. ஒரே ராத்திரியில், ஓர் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில், நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகத்தைப் பாட்டு வசனம் எல்லாம் சேர்த்து எழுதி முடித்துவிட்டுத்தான் படுத்தாராம். நான் இந்த ஒரு பக்கத்தை எழுதவே மூணு நாள் ஆச்சு, அதுவும் ரெண்டு தாள் கிழிச்சாச்சு.

பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன் என்று நாற்பதுக்கு மேல் நாடகங்கள் எழுதினார். அச்சில் வராமலே நிறைய போய்விட்டது.

1921-ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு போய்விட்டது. ஊருக்கெல்லாம் வசனம் சொல்லிக்கொடுத்த வாய் அது. ஆனாலும் கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் அவரும் கூடவே இருந்தார். பையன்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார், தப்பு வந்தாலும் சொல்ல முடியாது. அதை நினைத்தால்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். அவர் சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

இப்போதும் ஸ்பெஷல் நாடகம் போடும்போது ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகையே பார்க்க மாட்டார்கள். நேராக மேடையில்தான் சந்திப்பார்கள். எப்படி முடியுதுன்னு அப்பத்தாகிட்ட கேட்டேன். அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. எல்லாரும் படித்தது ஒரே வாத்தியார் பாடத்தை அல்லவா!

இந்த வருஷத் திருவிழாவில் நான் தூங்கப்போவதில்லை.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு