டிரெஸ்டன் நகரின் சாட்சி

துன்பம் வந்துற்றபோது நகுமாறு பணித்தவர் வள்ளுவர். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. இளமையில் அக்குறளைப் படித்த போதெல்லாம், மனவலிமைக்குக் கூறப்பட்ட உபதேசம் என்றே அதனைக் கருதியிருந்தேன். அந்த நகைப்பினுள்ளே எத்துணைக் கண்ணீர் தேங்கி நிற்கக்கூடும் என்பதை எனக்கு உணர்த்தியவர் தமிழறியாத ஓர் அமெரிக்க நாவலாசிரியர். கேர்ட் வொனகட் என்பது அவர் பெயர்.

அவருடைய புகழ்பெற்ற நாவலாகிய ‘ஐந்தாம் இலக்கக் கொல்களம்’ மாணவப் பருவத்தில் என் கைக்கு வந்தது. யுத்தக் கதை என்று நம்பி எடுத்த நூலிலே பறக்கும் தட்டும் வேற்றுலகவாசிகளும் வந்தால் எரிச்சல் உண்டாகாதா? பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். பல ஆண்டுகளின் பின் அவருடைய வாழ்க்கையை அறிந்த பொழுதுதான், குறை நூலிடத்தன்று, என்னிடத்ததே என்பது புலனாயிற்று. ஆதலின் அந்த வாழ்க்கையையே இங்குச் சொல்ல முற்படுகின்றேன்.

வொனகட் 1922ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி இந்தியானாபொலிஸ் நகரிற் பிறந்தார். முதலாம் உலக மகாயுத்தம் ஓய்ந்ததை நினைவுகூரும் நாள் அது. யுத்தத்தின் முடிவைக் கொண்டாடும் நாளிற் பிறந்தவரின் வாழ்வு முழுவதையும் இன்னொரு யுத்தமே ஆட்கொண்டது விதியின் விளையாட்டுப் போலும். அவருடைய முன்னோர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் கட்டடக் கலைஞர். தாயார் மதுவடிசாலை நடத்திய செல்வக் குடும்பத்தின் மகள். மதுவிலக்குச் சட்டம் ஒரு பக்கத்துச் செல்வத்தைக் கரைத்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் மறுபக்கத்துத் தொழிலை முடக்கியது. வீழ்ந்த வாழ்வைத் தாயாரால் தாங்க இயலவில்லை.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் பயின்றுகொண்டிருந்த வொனகட், 1943இல் இராணுவத்திற் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி விடுமுறையில் வீடு வந்திருந்தார். அவ்விடுமுறையின் போதே தாயார் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இருபத்தொரு வயது மைந்தன் அந்தத் துயரை அழுது தீர்ப்பதற்கு முன்னரே யுத்தகளம் அவனை அழைத்துக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில், ஜேர்மனியர் மேற்கு முனையில் நடத்திய இறுதிப் பெருந்தாக்குதலில் அவர் சிறைப்பட்டார். பொருள் ஏற்றும் புகையிரதப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ஈற்றில் டிரெஸ்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். கலைக்கும் கட்டட எழிலுக்கும் பெயர்பெற்ற நகரம் அது. அங்கே கர்ப்பிணிப் பெண்களுக்கான சத்துப் பாகு தயாரிக்கும் ஆலையில் கைதிகள் வேலை செய்தனர். இரவில் ஒரு கொல்களத்தில் அடைக்கப்பட்டனர்.

1945ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் வந்தன; மறுநாள் அமெரிக்க விமானங்கள் வந்தன. நகரம் ஒரே தீப்பிழம்பாயிற்று. வொனகட்டும் தோழர்களும் நிலத்தடியில் இறைச்சி சேமிக்கும் குளிர் அறையில் இருந்தமையால் உயிர் தப்பினர். விலங்குகளைக் கொல்லும் இடம் மனிதரைக் காத்தது. மனிதர் வாழும் இல்லங்கள் கொல்களங்களாயின. தம் மூதாதையரின் நாட்டிலே, தம் சொந்த நாட்டு விமானங்களின் குண்டுகளிலிருந்து, பகைவரின் நிலவறை தம்மைக் காத்த விந்தையை அவர் எவ்வாறு மறப்பார்? பின்னர் நிலவறை நிலவறையாக இறங்கிப் பிணங்களை வெளியே கொணரும் பணி அக்கைதிகள் தலையில் விழுந்தது. எரிந்த நகரில் உணவுப்பொருள் ஒன்றை எடுத்த குற்றத்திற்காகச் சக கைதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்நாட்களில்தான்.

நாடு திரும்பிய வொனகட், கண்டதை எழுதுவது எளிதென்றே எண்ணினார். கண்ணால் கண்டவருக்குக் கற்பனை எதற்கு? ஆயினும் எழுத வரவில்லை. திருமணம் செய்தார், சிக்காகோவில் மானிடவியல் பயின்றார், பெரிய மின்சாரக் கம்பனி ஒன்றில் விளம்பரப் பகுதியில் வேலை பார்த்தார், அதனை 1951இல் துறந்து முழுநேர எழுத்தாளரானார், சிலகாலம் மோட்டார் வாகனங்களும் விற்றார். 1952இல் முதல் நாவல் வெளிவந்தது. 1963இல் ‘பூனையின் தொட்டில்’ வந்தது. இவற்றுக்கிடையே டிரெஸ்டன் கதையை எழுத முனைவதும் கைவிடுவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

இக்காலத்தில் இன்னோர் இடியும் விழுந்தது. 1958இல் அவருடைய தமக்கை அலிஸ் புற்றுநோயால் மரணப்படுக்கையில் இருந்தார். நியூ ஜேர்சியில், திறந்துகிடந்த பாலத்திலிருந்து புகையிரதம் நீரில் வீழ்ந்த விபத்தில் அவருடைய கணவர் மாண்டார். இரண்டு நாட்களுக்குள் அலிசும் கண்மூடினார். அநாதைகளான பிள்ளைகளில் மூத்த மூவரைத் தம் மூன்று பிள்ளைகளோடு சேர்த்து வொனகட் வளர்க்கலானார். தாம் எழுதிய யாவும் அந்தத் தமக்கை ஒருத்தி படித்து மகிழ்வதற்காகவே எழுதப்பட்டன என்று பிற்காலத்தில் அவர் கூறியதை அறிந்தபோது என் நெஞ்சம் நெகிழ்ந்தது.

டிரெஸ்டன் கதைக்கு வழி திறந்தவர் ஒரு குடும்பத் தலைவி. உடன் சிறையிருந்த நண்பர் பேர்னாட் ஓஹேரின் வீட்டுக்கு, பழைய நினைவுகளைத் திரட்டுவதற்காக வொனகட் சென்றார். நண்பரின் மனைவி மேரி அவர்மீது சினங்கொண்டார். யுத்தத்திற்குப் போனவர்கள் குழந்தைகளே. கதையிலோ அவர்களை வீரபுருஷர்களாக்கி, இன்னொரு தலைமுறைக் குழந்தைகளைக் களத்துக்கு அனுப்பப் போகிறாரே என்பது அப்பெண்மணியின் அச்சம். வொனகட் நாணினார், அத்தகைய நூலை எழுதுவதில்லை என வாக்களித்தார். அந்த நாவல் அவ்வம்மையாருக்கும் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. 1967இல் ஓஹேருடன் மீண்டும் டிரெஸ்டன் சென்று வந்தார். 1969இல் நூல் வெளிவந்தது. பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள்!

அதன் நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தின் பிடியிலிருந்து நழுவியவன். ஒரு கணம் சிறைமுகாமில் இருப்பான். மறுகணம் திருமண நாளில். அடுத்த கணம் வேற்றுலகில். நான் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளியது இதைத்தான். உள்ளத்திற் பெருங்காயம் பட்டவனுக்கு நேற்று என்பது நேற்றோடு முடிவதில்லை. உண்ணும்போதும் உறங்கும்போதும் அது இன்றாக வந்து நிற்கிறது. இந்நிலைக்கு அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் முறைப்படி பெயர் சூட்டியது 1980இல். நாவலாசிரியர் பதினோராண்டுகள் முந்திவிட்டார். அன்றியும், நூலில் மரணம் நேரும் இடந்தோறும் ஒரே சிறு வாசகம் தோள்குலுக்கலைப்போல் வந்து போகிறது. முதலில் அது நகைப்பாகத் தோன்றும். ஐம்பதாவது முறை வரும்போது ஒப்பாரியாகக் கேட்கும். குண்டுவீச்சையோ அவர் நேரே வருணிக்கவில்லை. நிலவறைக்குள் இருப்போருக்குத் தலைக்குமேலே இராட்சதக் காலடிகள் கேட்கின்றன, அவ்வளவே. காணாததைக் கண்டதாகச் சொல்லாத சத்தியம் அது.

வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த வேளையாதலின் இளைஞர்கள் நூலை ஆவலுடன் ஏற்றனர். எதிர்ப்பும் வந்தது. 1973இல் வட டக்கோட்டா மாநிலத்தின் டிரேக் என்னும் சிற்றூரில் முப்பத்திரண்டு பிரதிகள் பாடசாலையின் உலையிலிடப்பட்டன. தீயைப் பற்றிய நூல் தீக்கிரையாயிற்று. நூலில் பிழை இல்லாமலும் இல்லை. அன்று வழங்கிய ஒரு வரலாற்று நூலை நம்பி, இறந்தோர் தொகையை 135,000 என அவர் எழுதிவிட்டார். டிரெஸ்டன் நகரம் நியமித்த வரலாற்றறிஞர் குழு, அதிகபட்சம் 25,000 பேரே மாண்டனர் என 2010இல் முடிவு கண்டது. எண்ணிக்கை குறைந்தால் துயரமும் குறைந்துவிடுமா? இல்லை. ஆயினும் சாட்சி சொல்பவனுக்கு எண்ணும் முக்கியமே என்பதை ஆசிரியனாகிய நான் என் மாணவர்க்குச் சொல்லத் தவறுவதில்லை.

எழுதி முடித்ததால் அவருடைய காயம் ஆறிவிட்டது என்று கூறவும் எனக்குத் துணிவில்லை. தாயின் முடிவு அவரை நிழல்போல் தொடர்ந்தது. 1984இல் தாமும் உயிர்துறக்க முயன்று பிழைத்தார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் எழுதினார். வீட்டில் விழுந்து காயமுற்று, 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி, எண்பத்துநான்காவது வயதில் நியூயோர்க்கில் மறைந்தார்.

பின்வந்த அமெரிக்க நாவல்களிலே அவர் மிதித்த தடம் தெரிகிறது. வியட்நாமில் போரிட்ட டிம் ஓபிரையன் 1990இல் வெளியிட்ட கதைகளில், ஒரே மரணம் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டும் சொல்லி முடியாது நிற்கிறது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் கோபுரங்களில் தந்தையை இழந்த சிறுவனைப் பற்றி 2005இல் நாவல் எழுதிய ஜொனதன் சஃப்ரன் ஃபோயர், அச்சிறுவனின் பாட்டனாரை டிரெஸ்டன் தீயில் தப்பியவராகவே படைத்தார். ஊரின் துயரையும் வீட்டின் துயரையும் வேறுபிரித்தல் இயலாது என்பதே இவர்கள் யாவரும் உணர்ந்த உண்மை.

தாம் கண்ட கொடுமையை எழுத முனைந்து, எழுதிய தாளைக் கிழித்தெறிந்து, தமக்கு எழுத வராது என்று சோர்ந்துபோகும் இளைஞர் சிலர் என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்கு நான் இலக்கண நூல் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. கண்முன் எரிந்த நகரத்தை எழுதுவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்த இந்த மனிதரின் கதையையே சொல்கிறேன். கிழித்த தாள்களும் அந்த நூலின் பக்கங்களே.