அறுவைக் கலையின் ஆசான் சார்லஸ் ட்ரூ

மருத்துவப் பட்டம் பெறுவது வேறு. அறுவை மருத்துவர் ஆவது வேறு. பட்டத்தை நூலும் தேர்வும் தந்துவிடக்கூடும். கத்தி பிடிக்கும் தகுதியையோ, மூத்த மருத்துவர் ஒருவர் நம்மைத் தம்மருகே நிறுத்தி, முதலில் பார்க்கவும், பின்னர் உதவவும், இறுதியில் தம் கண்முன்னே தனித்துச் செய்யவும் விட்டால்தான் பெற முடியும். அதற்கு மருத்துவமனை வேண்டும், படுக்கைகள் வேண்டும், நோயாளியின் உடலைத் தொடும் உரிமையும் வேண்டும். தொடுதலின் பெயராலேயே ஒதுக்கப்பட்ட நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வுரிமைக்காக அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உழைத்த டாக்டர் சார்லஸ் ட்ரூ அவர்களின் வாழ்வை இம்மலரில் எழுத விழைந்தோம்.

ட்ரூ 1904ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தையார் கம்பளம் விரிக்கும் தொழிலாளி. சிறுவயதில் ட்ரூ தெருவில் செய்தித்தாள் விற்றார். 1920இல் தங்கை எல்சி காசநோயோடு விஷக்காய்ச்சலும் சேர்ந்து இறந்தார். மருத்துவத்தின்பால் அவர் மனம் திரும்பியதற்கு அத்துயரும் ஒரு காரணம் என்பர். விளையாட்டுத் திறமையால் உதவித்தொகை பெற்று ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்று 1926இல் பட்டம் பெற்றார். கையில் பொருள் இல்லாமையால் இரண்டாண்டு மார்கன் கல்லூரியில் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் பணியாற்றிப் பணம் சேர்த்தார்.

பின்னர் கறுப்பினத்தார்க்குரிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஆங்கிலப் பாடத்தில் போதிய அளவு படிக்கவில்லை என்று அது மறுத்தது. ஹார்வர்டோ ஓராண்டு காத்திருக்கச் சொன்னது. ஆகவே கனடா நாட்டு மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1933இல் 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். நம் நாட்டில் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சியையும் அந்நகர மருத்துவமனைகளிலேயே முடித்தார். மறுத்த ஹோவர்டிலேயே பின்னாளில் அறுவைத் துறைக்குத் தலைமை வகித்தார் என்பதைப் படிக்குங்கால் நமக்குச் சிறு புன்னகை தோன்றாமற்போகாது.

1938இல் ராக்பெல்லர் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றதும் அங்கேதான். அங்கே அறுவைத் துறைத் தலைவராயிருந்த ஆலன் விப்பிள், ட்ரூவை ஆய்வுக்கூடத்தில் மட்டும் வைத்துக்கொள்ள எண்ணினார். வெள்ளை நோயாளிகளின் படுக்கையருகே கறுப்பு மருத்துவர் செல்வது அக்கால வழக்கிற்கு ஒவ்வாததாயிருந்தது. ட்ரூ சண்டையிடவில்லை, ஒதுங்கிப் போகவுமில்லை. தம் பண்பாலும் உழைப்பாலும் விப்பிளின் மனத்தை மாற்றி, நோயாளிகளைப் பார்வையிடும் குழுவிலும் அறுவைக் கூடத்திலும் இடம் பெற்றார். அன்று அவர் ஆய்வுக்கூடத்தோடு அமைந்திருந்தால் சிறந்த அறிஞராயிருப்பார், அறுவை ஆசானாகியிருக்கமாட்டார்.

இரத்தத்தைச் சேமிப்பது பற்றிய அவரது ஆய்வுக்கு 1940இல் கொலம்பியா டாக்டர் பட்டம் வழங்கியது. அணுக்களைப் பிரித்து நீக்கிய பிளாஸ்மா நெடுநாள் கெடாது. போர்க்களத்தில் இரத்த வகை பார்க்க வேண்டிய தொல்லையும் அதில் இல்லை. அவ்வாண்டு ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மீது குண்டு பொழிந்தபோது, அந்நாட்டிற்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தின் மருத்துவப் பொறுப்பு ட்ரூவிடம் வந்தது. ஏறத்தாழ 14,500 பேர் இரத்தம் அளித்தனர். எனினும் 1941இன் பிற்பகுதியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தாரின் இரத்தத்தை ஏற்க மறுத்தது. 1942இல் ஏற்றபோதும் தனியே பிரித்து வைத்தது. இதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று ட்ரூ கண்டித்தார். இக்கொடுமைக்காகவே அவர் அச்சங்கத்தை விட்டு விலகினார் எனச் சிலர் எழுதுவது பிழை. அதற்கு முன்பே, 1941 ஏப்ரலில், அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்று பெற்று அவர் ஹோவர்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவ்வாரியம் 1937இல் தோன்றியது. பட்டம் பெற்றவர் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியின் பின், ஏற்கப்பட்ட மருத்துவமனையில் பல்லாண்டு அறுவைப் பயிற்சி பெற்று, அதன் பின்னரே தேர்வெழுதலாம். இவ்விதி யாரையும் நிறம் கேட்கவில்லை. ஆனால் பயிற்சி தரும் மருத்துவமனைகளுள் மிகச் சிலவே கறுப்பினத்தாரைச் சேர்த்தன. தேர்வின் கதவு திறந்திருந்தது. தேர்வுக்குச் செல்லும் படிக்கட்டு இல்லை. ஹோவர்டின் ப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில் அப்படிக்கட்டைக் கட்டுவதையே ட்ரூ தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவர் தேர்வைத் தளர்த்தக் கேட்கவில்லை என்பதை எடுத்துக்காட்டி இட ஒதுக்கீட்டைப் பழிப்போர் இருக்கக்கூடும். அது வரலாற்றைத் திரிப்பதாகும். மூடியிருந்த இடத்தைத் திறப்பதுதான் அவர் செய்த வேலை. இட ஒதுக்கீட்டின் வேலையும் அதுவே.

1941இலேயே வாரியம் அவரைத் தேர்வாளராக்கிற்று. அப்பொறுப்பேற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1941 முதல் 1950 வரை வாரியச் சான்று பெற்ற கறுப்பின அறுவை மருத்துவருள் பாதிக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றோர். உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பினத்தாரைச் சேர்க்காமையால் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கதவும் அவர்களுக்கு அடைபட்டிருந்ததை எதிர்த்து 1947இல் அச்சங்கத்தின் இதழுக்கு எழுதினார். பயன் விளையவில்லை.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அதிகாலை, டஸ்கிகியில் நடைபெறும் ஆண்டு மருத்துவ முகாமுக்கு மூன்று மருத்துவர்களுடன் காரில் சென்றபோது, வண்டியை ஓட்டிவந்த ட்ரூ கண்ணயர்ந்தார். வட கரோலினாவின் பர்லிங்டன் அருகே வண்டி உருண்டது. வயது 45. கறுப்பர் என்பதால் மருத்துவமனை அவருக்குச் சிகிச்சை மறுத்தது என்னும் கதை இன்றும் உலவுகிறது. உடனிருந்த மருத்துவர்களே அதை மறுத்துள்ளனர். அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் இயன்றதைச் செய்தனர், காயங்களோ தாங்கக்கூடியவையல்ல.

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, அவர் மறைந்த பின் 1951இல் அவரை உறுப்பினராக்கியது. அக்கல்லூரிக்கு 1995இல் முதற் கறுப்பினத் தலைவராக வந்தவர் லாசால் லெபால்; ஹோவர்டில் ட்ரூவிடம் பாடங்கேட்ட மாணவர்.