ஒற்றைக் கண் ரஞ்சி

ரஞ்சி டிராபி உங்களுக்குத் தெரியும். அந்த ரஞ்சி யாருன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? பொதட்டூர்பேட்டையில டென்னிஸ் பால்ல மேட்ச் ஆடுற எங்க பசங்களுக்கு அது ஒரு கோப்பையோட பேரு, அவ்வளவுதான். முட்டியில லிகமென்ட் கிழிஞ்சு, கிரவுண்டு ஓரமா உட்கார்ந்து ஸ்கோர் எழுதுறவங்க யாராவது இதைப் படிச்சா, இந்த மனுஷனோட கதை உங்களுக்குத்தான்.

ரஞ்சித்சிங்ஜி 1872-ல் கத்தியவார்ல பிறந்தவர். கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனவர், 1896-ல் இங்கிலாந்து அணிக்காகவே டெஸ்ட் ஆடினார். மான்செஸ்டர்ல நடந்த அந்த முதல் டெஸ்டிலேயே 154 நாட் அவுட். 1899-ல் ஒரே சீசன்ல 3,000 ரன்னைத் தாண்டின முதல் ஆளும் இவர்தான். உடம்புக்கு நேரா வர்ற பந்தை மணிக்கட்டைத் திருப்பி லெக் சைடுல தட்டிவிடுற லெக் கிளான்ஸ்தான் அவரோட அடையாளம். 1907-ல் நவாநகர் சமஸ்தானத்துக்கு ராஜாவானார்.

1915-ல், உலகப்போர் நடந்துட்டிருந்த சமயம். லீவுல யார்க்‌ஷயர் மேட்டு நிலத்துக்குப் பறவை வேட்டைக்குப் போயிருந்தார். கூட வந்தவர் சுட்ட குண்டு பட்டு வலது கண் போச்சு.

பக்கத்துல வர்ற பொருள் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு மூளை துல்லியமா கணக்குப் போட ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறது ரொம்ப உதவும். வேகப்பந்து அரை நொடியில வந்து சேர்ந்துடும். இது தெரிஞ்சும் 1920-ல் சசெக்ஸ் அணிக்குத் திரும்பி வந்தார். வயசு 47, உடம்பும் கனத்துப் போயிருந்தது. மூணு மேட்ச், நாலு இன்னிங்ஸ், மொத்தமே 39 ரன். அதோட அந்த ஆட்டம் முடிஞ்சது.

நம்மள்ல நிறைய பேர் இங்கதான் நின்னுடுறோம். பழைய ஆட்டம் இல்லைன்னா எதுவும் வேணாம்னு ரூமுக்குள்ள போயிடுறோம். ரஞ்சி ஆத்தங்கரைக்குப் போனார்.

அயர்லாந்தோட மேற்குல கானமாரான்னு ஒரு பகுதி. 1920-களின் நடுவில அங்க பாலினாஹின்ச் கோட்டையை வாங்கினார். பக்கத்துல சால்மன் மீன் ஏறி வர்ற ஆறு. கரையோரம் மீன் பிடிக்க மேடைகளும் குடிசைகளும் கட்டவெச்சார். சால்மனுக்குத் தூண்டில் போடறது உட்கார்ந்து செய்யுற வேலை கிடையாது. மணிக்கணக்கா நிக்கணும், கரையில மேலயும் கீழயும் நடக்கணும், தோளும் மணிக்கட்டும் ஒரே தாளத்துல வீசிக்கிட்டே இருக்கணும். அரை நொடியில முடிவெடுக்கச் சொல்லி ஆறு அவசரப்படுத்தாது. லெக் கிளான்ஸ் ஆடின அதே மணிக்கட்டுக்கு அங்க வேலை இருந்துச்சு. உடற்பயிற்சின்னு நினைச்சுப் போயிருக்க மாட்டார். பிடிச்சிருந்தது, போனார். சாகுற வரைக்கும் அந்த இடத்தை விடலை.

1933 ஏப்ரல் 2-ல் இறந்தார். அடுத்த வருஷம் நவம்பர் 4-ம் தேதி, அவர் பேரைச் சொல்ற போட்டியோட முதல் மேட்ச் நம்ம சேப்பாக்கத்துலதான் நடந்தது. மெட்ராஸுக்கும் மைசூருக்கும் நடந்த அந்த மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சது.

அவர் ராஜா, கோட்டை வாங்கினார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. முட்டி போனவரை திருத்தணி மலையோட 365 படியை தினமும் ஏறச் சொன்னா நாலாவது நாள் வரமாட்டார். அவருக்கே கிணத்து நீச்சல் பிடிச்சிருக்கலாம், சைக்கிள் பிடிச்சிருக்கலாம், உட்கார்ந்தே ஆடுற கேரம்ல தொடங்கி டேபிள் டென்னிஸுக்குப் போகலாம். எது செய்யலாம், எது கூடாதுன்னு பிசியோகிட்ட கேளுங்க. அதுல எது பிடிக்குதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஸ்கோர் நோட்டை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டு இந்த வாரமே தேட ஆரம்பிங்க.