ராமானுஜம் தேறாத பரீக்ஷை

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு தகப்பனார் வந்திருந்தார். திண்டுக்கல் பூட்டுப் பட்டறை ஒன்றில் அரம் பிடித்து ஜீவனம் செய்பவர். பன்னிரண்டு வயதான தம் மகன் பள்ளியில் எளிய கணக்குகளைக்கூடத் தப்பாகப் போடுகிறான் என்றும், பாதிக் கணக்குகளைப் போடாமலே விட்டுவிடுகிறான் என்றும், உபாத்தியாயர் அவனைச் சோம்பேறி என்கிறார் என்றும் கூறி, படிப்பை நிறுத்திப் பட்டறைக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று நம்மிடம் யோசனை கேட்டார். குற்றத்துக்குச் சாட்சியாக ஒரு காகிதமும் கொண்டுவந்திருந்தார். பழுது பார்க்க வந்த பூட்டு ஒன்றைப் பையன் பிரித்து, உள்ளிருக்கும் லீவர்களைப் படமாக வரைந்து, ஒவ்வொரு லீவரும் இத்தனை உயரங்களில் நிற்கலாமென்றால் ஒன்றுக்கொன்று பொருந்தாத சாவிகள் எத்தனை செய்யலாம் என்று அதில் கணக்கிட்டிருந்தான். பள்ளிக் கணக்கை விட்டுவிட்டு இதைச் செய்துகொண்டிருந்தான் என்பதே தகப்பனாரின் பிராது.

அக்காகிதத்தைக் கண்டதும் ஸ்ரீநிவாஸ ராமானுஜத்தின் சரித்திரம் நமது நினைவுக்கு வந்தது. அப்பையன் மற்றொரு ராமானுஜம் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பேதைமை. ஆனால் ராமானுஜத்தின் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் நம்மவர், அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றதையும் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானதையுமே நினைவில் வைத்திருக்கின்றனர். அவர் பரீக்ஷையில் திரும்பத் திரும்பத் தவறியதையும், அதனால் பட்ட பாட்டையும் கதையின் ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிடுகின்றனர். நமது பெற்றோருக்கும் உபாத்தியாயர்களுக்கும் பயன்படக்கூடியது அந்த ஓரத்தில் கிடக்கும் பகுதியே என்பது நமது அபிப்பிராயம்.

ராமானுஜம் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடிச் சிறிது சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 1897-ம் வருஷத்து ஆரம்பப் பரீக்ஷையில் பையன் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வனாகத் தேறினான். கணிதத்தில் மட்டுமன்று, ஆங்கிலம், தமிழ், பூகோளம் ஆகியவற்றையும் உள்ளிட்ட பரீக்ஷை அது. எனவே மற்றப் பாடங்கள் அவன் தலையில் ஏறவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைக்கும்படி வேண்டுகிறோம்.

1898-ல் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்த பிறகு, தம் வீட்டில் தங்கியிருந்த காலேஜ் மாணவர்களிடமிருந்து அவர்கள் அறிந்த கணிதம் முழுவதையும் கறந்துவிட்டார். லோனி என்பவரின் திரிகோணமிதி நூலைப் பதின்மூன்று பிராயத்துக்குள் முடித்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று உபாத்தியாயர் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று கேட்டாரென்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். வகுப்பு வகுத்தலைக் கற்றுக்கொண்டிருக்கையில் அவர் வகுத்தலின் எல்லையில் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்.

1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு எட்டிற்று. ஏறக்குறைய ஐயாயிரம் முடிபுகளை அடுக்கி, நிரூபணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்ட நூல் அது. பரீக்ஷைக்குப் போவோருக்கு ஞாபகக் குறிப்பாகவே அது ஏற்பட்டது. ராமானுஜத்துக்கோ ஒவ்வொரு வரியும் தாமே திறக்கவேண்டிய ஒரு கதவாயிற்று. அன்று முதல் அவருடைய மனம் வேறு எதிலும் தங்க மறுத்துவிட்டது.

1904-ல் ஹைஸ்கூலை விட்டபோது தலைமை உபாத்தியாயர் கிருஷ்ணஸ்வாமி ஐயர் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கி, பூரண மார்க்கும் இவருக்குப் போதாது என்று சபையில் புகழ்ந்தார். உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் இடமும் கிடைத்தது. அங்கே சரித்திர வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் அமர்ந்தபடியே கணிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. சம்பளம் கட்ட வழியின்றி படிப்பும் போயிற்று. 1905-ல், பதினேழு பிராயத்தில், வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டணம் நோக்கிப் போய்விட்டார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். இடையில் நோய் வந்தது. எப்.ஏ. பரீக்ஷையில் தவறினார். 1907-ல் தனியாக எழுதிப் பார்த்து மறுபடியும் தவறினார். சரீர சாஸ்திரம் முதலிய பாடங்கள், சாதாரண மாணவர் நூற்றுக்கணக்கில் தேறிச் சென்ற பாடங்கள், அவருக்கு மதிலாக நின்றன.

இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? காலேஜ் அதிகாரிகள் துவேஷத்தால் ஒன்றும் செய்யவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறுபவனுக்கே உபகாரச் சம்பளம் என்பது விதி; விதி எல்லோருக்கும் ஒன்றே. வக்கீல் தொழில் செய்யும் நாம் விதியைப் பழித்துப் பேசத் துணியோம். ஆனால் ஜில்லாவிலேயே முதலில் நின்ற பையன் ஏழே வருஷங்களில் எளிய பாடத்தில் ஏன் வீழ்ந்தான் என்று ஒருவராவது விசாரித்ததுண்டா? விதி தண்டனை விதித்தது, விசாரணை நடக்கவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையாயின் தகப்பனார் பணத்தைக் கட்டி மறு வருஷமும் படிக்க வைத்திருப்பார். ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகனுக்கு ஒரு பாடத்தில் தவறுவதும் வாழ்வில் தவறுவதும் ஒன்றாய் முடிந்தன.

பின்வந்த சில வருஷங்கள் அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும், நண்பர் வீடுகளில் தங்கியும், பல வேளை பசித்திருந்தும் நோட்டுப் புஸ்தகங்களை நிரப்பினார். 1909-ல் விவாகமும் ஆயிற்று. 1910-ல் திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுச் சென்றார். இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர் அவர். நோட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், இப்படிப்பட்டவரை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைப்பது பாவம் என்று கருதி, வேலை கொடாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் முதலில் சந்தேகித்தார். பலமுறை பேசிப் பார்த்துத் தெளிந்தபின் மாதம் ரூ. 25 தம் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக ஸ்தாபனத்தில் மாதம் ரூ. 30-ல் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் ஆதரித்தார்.

இவர்கள் யாவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஒருவரும் ராமானுஜத்தின் மார்க்கு அட்டையைக் கேட்கவில்லை. அவருடைய நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்து படித்தார்கள். உதவி அங்கேதான் தொடங்கிற்று.

1913 ஜனவரியில் ராமானுஜம் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம், வானிலை ஆராய்ச்சி இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் சிபார்சின் மேல், சென்னைச் சர்வகலாசாலை மாதம் ரூ. 75 ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. எந்தச் சர்வகலாசாலையின் எப்.ஏ.யில் அவர் தேறவில்லையோ அதே சர்வகலாசாலை, பட்டமில்லாத அவருக்காக வழி கண்டது. விதி வளையக்கூடியதுதான் என்பது அப்போது விளங்கிற்று. 1905-லேயே அது ஓர் அங்குலம் வளைந்திருக்கலாகாதா?

1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். ஹார்டி அவரை நடத்திய முறை கவனிக்கத்தக்கது. நவீன கணிதத்தில் ராமானுஜம் அறியாதவை பல இருந்தன. நிரூபணம் என்பதன் கண்டிப்பே அவருக்குத் தெளிவாக இல்லை. எல்லாவற்றையும் அடியிலிருந்து வரிசையாகக் கற்கும்படி வற்புறுத்தினால் அவருடைய நம்பிக்கையும் ஊக்கமும் குன்றுமென்று ஹார்டி அஞ்சினார். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆதலால் அவருடைய சொந்த ஆராய்ச்சியினூடே தேவையானதைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். 1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வந்தது. 1918-ல் ராயல் சொஸைட்டியும் டிரினிடி காலேஜும் அவரை அங்கத்தினராக்கின. நோயோடு 1919-ல் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32. கடைசி நாட்களில் படுக்கையில் எழுதிய தாள்கள் 1976-ல் டிரினிடி புஸ்தகசாலையில் கண்டெடுக்கப்பட்டன.

அகால மரணத்தைவிடப் பெரிய நஷ்டம், பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட பிராயத்தில் வழிகாட்டியின்றிக் கழிந்த ஆண்டுகளே என்று ஹார்டி கருதினார். பிறர் முன்னமே கண்டவற்றைத் தனியே மறுபடி கண்டுபிடிப்பதில் அவ்வாண்டுகளில் பெரும்பகுதி செலவாயிற்று.

இனி நமது ஊருக்கு வருவோம். எளிய பாடத்தில் தவறும் பையன் மந்தபுத்தியாயிருக்கலாம், கண்பார்வையோ காதோ குறைந்தவனாயிருக்கலாம், பசித்தவனாயிருக்கலாம், அப்பாடம் அவனுக்கு மிக எளிதாயிருப்பதால் மனம் செல்லாதவனாகவும் இருக்கலாம். எது என்றறிய ஒரு சிறு பரீக்ஷை போதும். அவனுக்கு இரண்டு வகுப்பு மேற்பட்ட கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முகம் மலர்ந்தால் நோய் தெரிந்துவிட்டது. அப்பால் செய்யவேண்டியவை மூன்று. அறிந்ததையே இருபது முறை எழுதச் சொல்லாமல், நான்கு கணக்குகளைப் பிழையறப் போட்டால் போதுமென்று விட்டு, மிச்ச நேரத்துக்குக் கடினமான வேலை கொடுக்கவேண்டும். அவன் விரும்பும் வித்தையைத் தண்டனையாகப் பறிக்கலாகாது. மூன்றாவது, அவனுக்கு மற்றப் பாடங்கள் வேண்டாமென்று செல்லங்கொடுக்கவும் கூடாது. கட்டுரை எழுதத் தெரியாதவன் தான் கண்டதைப் பிறருக்கு எடுத்துரைக்க முடியாதென்ற காரணத்தைச் சொல்லி, நாள்தோறும் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் உபாத்தியாயருக்கு இது பாரமென்பதை அறிவோம். நமது வாசகர்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருப்பவர்கள். நத்தம் முதல் வேடசந்தூர் வரை கிராமங்களில் செல்வாக்குள்ளவர்கள். வாரம் ஒரு மணி நேரம் அத்தகைய பிள்ளையோடு உட்காரத்தக்க ஒரு படித்தவரைத் தேடிக்கொடுப்பது அவர்களால் ஆகாத காரியமன்று.

வந்திருந்த தகப்பனாருக்கு, பதினான்கு வயது நிரம்பாதவனைப் படிப்பை நிறுத்திப் பட்டறையில் அமர்த்தச் சட்டம் இடந்தராது என்பதை முதலில் கூறினோம். பின்பு, திறவாத பூட்டை அவர் என்ன செய்வார் என்று கேட்டோம். உள்ளே எது தடுக்கிறதென்று பார்ப்பேன் என்றார். காகிதத்தை மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அதை உபாத்தியாயரிடம் காட்டுவதாகச் சொல்லிப் போனார். உபாத்தியாயர் அதைப் படிப்பார் என்றே நம்புகிறோம்.