பேரலையைக் கண்டு சொன்ன ருஷ்ய அறிஞர் கோந்த்ராத்தியேவ்

வியாபாரம் சில வருடங்கள் கொழிக்கும், சில வருடங்கள் படுத்துவிடும் என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்தச் சின்ன ஏற்ற இறக்கங்களுக்கு அடியில், சுமார் 50 ஆண்டுகளுக்கு ஒரு முறை எழுந்து அடங்கும் பேரலை ஒன்றும் ஓடுகிறது என்று புள்ளிவிவரங்களை வைத்துக் காட்டியவர் ஒரு ருஷ்யர். அவர் பெயர் நிக்கொலாய் கோந்த்ராத்தியேவ். உலகில் எங்காவது வங்கிகள் முறிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகி, பழைய பெருமையை மீட்டுத் தருகிறேன் என்று மேடையேறும் தலைவருக்கு ஓட்டு குவியும்போதெல்லாம், மேல்நாட்டுப் பொருளியல் அறிஞர்களில் சிலர் இவர் பெயரை மறுபடியும் எடுக்கிறார்கள்.

இவர் தமது 46-வது வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்டப்பட்ட குற்றம், இல்லவே இல்லாத ஒரு கட்சிக்குத் தலைவராக இருந்தது!

விவசாயி மகன்

கோந்த்ராத்தியேவ் 1892-ம் ஆண்டு மார்ச் மாதம், வால்கா நதிக்கரையிலுள்ள கினெஷ்மா நகரை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தார். குடியானவர் குடும்பம். கிராமத்துப் பையன்கள் படித்து முன்னேற அப்போது இருந்த வழி, மாதாகோவில் சார்பில் நடந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிதான். அங்கே அவருக்குக் கிடைத்த உயிர்த் தோழர் பித்திரிம் சோரோக்கின். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் துறையையே நிறுவியவர் இந்த சோரோக்கின். இருவரும் படிக்கும் வயதிலேயே சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சியில் சேர்ந்து, ஜார் மன்னரின் போலீசிடம் அகப்பட்டுச் சிறை வாசலையும் மிதித்தார்கள். அந்தக் கட்சி தொழிலாளியைவிட விவசாயியை நம்பிய கட்சி. இந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவர் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் விவசாயியின் பக்கம் நின்றதால்தான்.

பீட்டர்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் சட்டப் பிரிவில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக வாய்த்தவர் துகான் பரனோவ்ஸ்கி. இங்கிலாந்தில் அடிக்கடி ஏற்பட்ட வியாபார நெருக்கடிகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர் அவர். குருவிடமிருந்து சீடனுக்கு அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

1917-ல் புரட்சி வந்தது. ஜார் மன்னர் முடி துறந்தார். கெரன்ஸ்கியின் இடைக்கால சர்க்காரில், அக்டோபர் மாதம், கோந்த்ராத்தியேவ் உணவுத் துறை உதவி மந்திரி ஆனார். அப்போது வயது 25. ரொட்டிக் கடைகளில் ஜனங்கள் விடிய விடிய கியூவில் நின்ற காலம் அது. மந்திரி நாற்காலி சூடேறும் முன்பே போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். பதவி சில நாட்களோடு முடிந்தது.

மற்ற பலரைப் போல நாட்டை விட்டு அவர் ஓடவில்லை. அரசியலை விட்டார். 1919-ல் கட்சியிலிருந்தும் விலகினார். 1920-ல் மாஸ்கோவில் சந்தை நிலவரங்களை ஆராயும் கழகம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கியது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரோடு ஆரம்பித்த அந்தக் கழகத்தில், சில ஆண்டுகளில் சுமார் 50 பேர் வேலை பார்த்தார்கள். 1921-ல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டு வந்து, விவசாயி தன் தானியத்தைச் சந்தையில் விற்கலாம் என்று அனுமதித்தார். சந்தை வந்ததும் விலைவாசிக் குறியீடு தேவைப்பட்டது. கோந்த்ராத்தியேவின் கழகத்துக்கு மவுசு வந்தது.

அலை தெரிந்த விதம்

பேரலையை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் மொத்த விலைவாசி, வட்டி, கூலி, வெளிநாட்டு வர்த்தகம், நிலக்கரி, இரும்பு உற்பத்தி ஆகிய கணக்குகளை 18-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து திரட்டினார். ஒவ்வொரு ஆண்டின் எண்ணையும் தனியாகப் பார்க்காமல், ஒன்பது ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்துச் சராசரி எடுத்தார். அப்படிச் செய்தால் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து போகும் சாதாரண மந்தங்கள் மறைந்துவிடும். கடற்கரையில் நிற்கிறவன் கண்ணுக்குச் சிற்றலைகள்தான் தெரியும். கரையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவனுக்குக் கடலே ஏறுவதும் வற்றுவதும் தெரியும். கோந்த்ராத்தியேவ் நட்ட குச்சி இந்த ஒன்பதாண்டுச் சராசரி.

அவர் கணக்குப்படி, முதல் அலை 1790-ஐ ஒட்டி எழுந்து, நெப்போலியன் யுத்தம் முடிந்த காலத்தில் உச்சிக்குப் போய், 1850-ஐ ஒட்டி அடங்கியது. இரண்டாவது அலை அங்கிருந்து எழுந்து 1870-களின் தொடக்கத்தில் உச்சியடைந்து, 1896-ஐ ஒட்டித் தரை தட்டியது. மூன்றாவது, 1914-க்கும் 1920-க்கும் இடையில் உச்சி கண்டு இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று 1920-களிலேயே எழுதினார். 1929-ல் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தபோது உலகமே திடுக்கிட்டது. இறக்கம் காத்திருக்கிறது என்று அதற்கு முன்பே எழுதிவைத்தவர் இவர்.

இரண்டாவது அலையின் ஏற்றத்துக்கு ரயில் பாதைகளைப் பெரிய காரணமாகப் பிற்பாடு பலர் சொன்னார்கள். 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் ரயில் ஓடியது அந்த ஏற்றத்தின் நடுவில்தான். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நாட்டில் வியாபாரம் எப்படி என்று அறியப் பேப்பரைப் புரட்ட வேண்டியதில்லை, காலி வாகன்கள் எத்தனை நிற்கின்றன என்று பார்த்தால் போதும். இரும்பையும் நிலக்கரியையும் கோந்த்ராத்தியேவ் எண்ணியது இதே நியாயத்தில்தான்.

இறங்கும் காலத்து அரசியல்

அலை இறங்கும் காலத்தில் அதிகமாக அடிபடுபவன் விவசாயி என்பதையும் அவர் குறித்துவைத்தார். இதற்கு 1873-க்குப் பிந்தைய ஐரோப்பாவே சாட்சி. அந்த ஆண்டு மே மாதம் வியன்னா பங்கு மார்க்கெட் சரிந்தது. ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தது. 1896-க்குள் இங்கிலாந்தில் மொத்த விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. விலை குறைந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். வாங்குகிறவனுக்கு நல்லது. கடன்பட்டு விதைத்தவனுக்கு? விளைச்சலின் விலை பாதியானாலும், பத்திரத்தில் எழுதிய கடன் பாதியாவதில்லை.

அந்த வியன்னாவில் எழுந்தவர் கார்ல் லுவேகர். எளிய குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர், முதலில் தாராளவாதி. தொழிற்சாலைச் சரக்கின் முன் நிற்க முடியாமல் நொடித்துப்போன தையல்காரர், தச்சர், சில்லறைக் கடைக்காரர் எல்லோரையும் ஒன்றுதிரட்டி, மதத்தையும் பழைய ஒழுங்கையும் காப்பேன் என்று கட்சி நடத்தினார். அவர்களுடைய கஷ்டத்துக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று பிரசாரம் செய்தார். 1895-ல் நகரசபை அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் ஒப்புதல் தர மறுத்தார். மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். கடைசியில் 1897-ல் சக்கரவர்த்தியே இறங்கி வர வேண்டியதாயிற்று. பதவிக்கு வந்த லுவேகர் காஸ், மின்சாரம், டிராம் எல்லாவற்றையும் நகரசபை வசமாக்கி ஜனங்களிடம் நல்ல பெயர் வாங்கினார். நல்ல குழாய்த் தண்ணீரும் நஞ்சும் ஒரே கையால் பரிமாறப்பட்டன. 1910-ல் அவர் இறந்தபோது வியன்னாவில் வேலையற்றுத் திரிந்த இளைஞன் ஒருவன் அவரை வியந்து பார்த்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஹிட்லர்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். யுத்தங்களும் புரட்சிகளும் அலை ஏறும் காலத்தில்தான் அதிகம் என்பது கோந்த்ராத்தியேவின் கருத்து. இறங்கும் காலத்து அரசியல் வலப்பக்கம் சாய்கிறது என்பது அவர் சொன்னதல்ல. அவருடைய அலையை அளவுகோலாக எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

மாஸ்கோ திரும்பினார்

1924-ல் அவர் மனைவியுடன் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாடு கடத்தப்பட்ட பழைய தோழர் சோரோக்கின் அப்போது அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் இருந்தார். இங்கேயே தங்கிவிடு, வேலை இருக்கிறது என்று அழைத்தார். கோந்த்ராத்தியேவ் மறுத்துவிட்டு மாஸ்கோ திரும்பினார். கழகமும் கணக்குகளும் அங்கேதானே இருந்தன! அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

அவர் வறட்டுப் பிடிவாதக்காரர் அல்லர். தம் கருத்தை அனுமானம் என்ற அளவிலேயே வைத்தார். கணக்கில் அகப்பட்டவை இரண்டரை அலைகளே, அவற்றை வைத்து விதி வகுக்க முடியாது என்று எதிர்ப்பு வந்தது. இது முதலாளித்துவத்தின் இயல்பான அலை அல்ல, யுத்தம், புதிய நாடுகளைப் பிடித்தல் போன்ற வெளிக் காரணங்களின் விளைவு என்றார் டிராட்ஸ்கி. எல்லாவற்றையும்விடக் கூர்மையான அடி சொந்தக் கழகத்திலிருந்தே வந்தது. அங்கே வேலை பார்த்த கணித மேதை ஸ்லுட்ஸ்கி, எந்த ஒழுங்கும் இல்லாத எண்களைக்கூடத் திரும்பத் திரும்பக் கூட்டிச் சராசரி எடுத்தால் அலை போன்ற வடிவம் தானே தோன்றும் என்று 1927-ல் காட்டினார். அதை வெளியிட்டதும் கோந்த்ராத்தியேவின் கழகப் பத்திரிகைதான்! இப்படிப்பட்ட தலைமை அதிகாரியை எத்தனை ஆபீசுகளில் பார்க்க முடியும்?

மாஸ்கோ அரசியல் வேறு திசையில் போனது. விவசாயி கையில் பணம் புழங்க வேண்டும், தானிய ஏற்றுமதியில் இயந்திரம் வாங்கிப் படிப்படியாகத் தொழில் வளர்க்க வேண்டும் என்பது இவர் கட்சி. ஒரே பாய்ச்சலில் தொழிற்சாலைகள் எழும்ப வேண்டும், நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்க வேண்டும் என்பது ஸ்டாலின் கட்சி. பணக்கார விவசாயிகளின் கையாள் என்று இவரைத் தாக்கினார்கள். நெருக்கடியில் விழும் முதலாளித்துவம் புதிய அலையில் மீண்டும் எழும் என்று அவர் கணக்கு காட்டியதும் ரசிக்கப்படவில்லை. 1928-ல் பதவி பறிபோனது. கழகமும் மூடப்பட்டது.

1930 ஜூலையில் கைது செய்தார்கள். உழைக்கும் விவசாயிகள் கட்சி என்ற ரகசியக் கட்சியை நடத்தினார் என்பது வழக்கு. அப்படி ஒரு கட்சி போலீஸ் பைலில் மட்டுமே இருந்தது. இவரைச் சுட்டுவிட வேண்டும் என்று அந்த ஆகஸ்டிலேயே ஸ்டாலின் மொலோடவுக்கு எழுதியது, பிற்காலத்தில் வெளியான கடிதங்களில் இருக்கிறது.

அவர் விசாரணைக் கைதியாக இருந்த செப்டம்பர் மாதத்தில்தான் ஜெர்மனியில் தேர்தல் நடந்தது. 1928-ல் 2.6 சதவீத ஓட்டு வாங்கிய ஹிட்லர் கட்சி 18.3 சதவீதம் வாங்கியது. 1932 ஜூலையில் அது 37 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் 60 லட்சம் பேர். வட ஜெர்மனியில் பயிர் விலை வீழ்ந்து ஜப்திக்கு ஆளான விவசாயிகளே அந்தக் கட்சியின் பெரிய பலமாக இருந்தார்கள். மூன்றாவது அலையின் இறக்கம் கண்முன்னே நடந்தது. பார்த்துக் குறிக்க வேண்டியவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

சுஸ்தால் சிறை

1932-ல் எட்டு வருடத் தண்டனை விதித்து சுஸ்தாலுக்கு அனுப்பினார்கள். பழைய மடாலயம் ஒன்றைச் சிறையாக மாற்றியிருந்தார்கள். அதே ஆண்டும் மறு ஆண்டும் ருஷ்யாவிலும் உக்ரேனிலும் கூட்டுப் பண்ணைக் கொள்கையால் வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. பல புத்தகங்களுக்குத் திட்டமிட்டு எழுதினார். மனைவிக்குக் கடிதம் எழுதினார். தாம் கைதானபோது ஐந்து வயதுகூட ஆகியிராத மகளுக்குக் கதை எழுதி அனுப்பினார். உடல் நலிந்தது, பார்வை மங்கியது. 1938 ஆகஸ்ட் 31-ந் தேதி மகளுக்கு எழுதியதே கடைசிக் கடிதம். நன்றாகப் படி, அம்மாவுக்குத் துணையாக இரு என்று எந்தத் தகப்பனும் எழுதக்கூடிய கடிதம்தான்.

தண்டனை முடிய இருந்த நேரத்தில் இரண்டாவது முறையாக வழக்குப் போட்டார்கள். 1938 செப்டம்பர் 17-ந் தேதி ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அன்றே சுட்டுக் கொன்றார்கள்.

மறு ஆண்டு, 1939-ல், ஆஸ்திரியாவில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஷும்பீட்டர் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் 50 ஆண்டுப் பேரலைக்குக் கோந்த்ராத்தியேவ் என்றே பெயர் சூட்டினார். அந்தப் பெயருக்கு உரியவர் புதைகுழியில் இருந்தார்.

பிறகு யுத்தம் வந்தது, அதன் பின் கால் நூற்றாண்டு வளம் வந்தது. பேரலையை மறந்தார்கள். 1973-ல் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறி, மேல்நாட்டுத் தொழில்கள் தேங்கியபோது அவர் எழுத்தைத் தேடி எடுத்தார்கள். 1979-ல் பிரிட்டனில் தாட்சர் அம்மையாரும், 1980-ல் அமெரிக்காவில் ரீகனும் ஜெயித்தபோது இறங்கும் அலையின் அரசியல் மீண்டும் வந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். ஆனால் யுத்தத்துக்குப் பின் விலைவாசி ஏறியதே தவிர 1873-க்குப் பிறகு நடந்ததுபோல் இறங்கவில்லை. கோந்த்ராத்தியேவ் நட்ட குச்சி அங்கே சரியாக அளக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அலையை விட்டுவிட்டு நெருக்கடியை மட்டும் பார்த்தால் கணக்கு உறுதியாக நிற்கிறது. ஜெர்மன் பொருளியல் அறிஞர் மூவர் 20 நாடுகளில் 1870 முதல் 2014 வரை நடந்த 800-க்கு மேற்பட்ட தேர்தல்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். வங்கி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிக் கட்சிகளின் ஓட்டு சராசரியாக 30 சதவீதம் அதிகரித்தது என்பது அவர்கள் கண்டது. 2008-ல் அமெரிக்க வங்கிகள் முறிந்தன. 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலக ஓட்டுப் போட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்தார்.

சோவியத் அரசு 1987-ல் கோந்த்ராத்தியேவ் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று அறிவித்தது. சுஸ்தால் கடிதங்கள் பிறகு அச்சேறின. தகப்பனாரிடமிருந்து கதை பெற்ற மகள் எலெனா நுண்ணுயிர் விஞ்ஞானியாகி, மாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அறிவிப்பு வந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.