பள்ளியை வெறுத்தவர் கல்லூரி கண்டார்!

விடுமுறை நாள்களில் என் மாமாவின் பட்டறையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் வழக்கம். மூன்றாண்டு வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒருநாள் மாமா கேட்டார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் கோவை ஜி. டி. நாயுடுவின் வரலாற்றைப் படித்தேன்.

1893 மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தவர் துரைசாமி. பள்ளிப் படிப்பு அவருக்குக் கசந்தது. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கவர்ந்தது. கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பொறியியலில் அவருக்கு அதுவே முதல் பாடம்!

நம் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1920ஆம் ஆண்டில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அந்த ஒன்று பலவாகப் பெருகி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாயிற்று. ஓட்டுநர் முதலாளியானார், ஆனாலும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. ‘ரசாந்த்’ என்ற அவரது மின்சவரக் கருவி ஜெர்மனியில் உருவாயிற்று. 1937இல் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். நான் காயில் கட்டும் மோட்டார்களுக்கு அதுவன்றோ மூதாதை!

1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாயிருந்து, அதன் முதல்வராகவும் அமர்ந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதற்கு இசையவில்லை. தாம் வளர்த்த கல்லூரியை விட்டே விலகினார். அக்கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது, படிப்பு நான்காண்டுதான். 1974 சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் சொன்னது முழுவதும் சரி என்று நான் வாதிட வரவில்லை. வரலாற்றைக் கழற்றிப் பூட்டக் காலம் வேண்டும். ஆனால் இந்த மூன்றாண்டில் எத்தனை நாள் நாம் உண்மையாகவே கற்றோம்? மாமாவின் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. எனினும் இப்போது வகுப்பில் கடைசி வரிசையில் அமர்வதை விட்டுவிட்டேன். நண்பர்களே, நீங்கள்?