சீர்காழி இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் (ஆகஸ்ட் 12, 1892 - செப்டம்பர் 27, 1972) தமிழகத்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் நூலகவியலாளரும் ஆவார். இவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். கோலன் பகுப்பாக்கத்தை உருவாக்கியவர் இவரே. நூலின் பொருள் தலைப்பைப் பட்டியலாளரின் விருப்பத்துக்கு விடாமல் விதிப்படி வருவிக்கும் சங்கிலி முறையையும் வகுத்தார். இவரது பிறந்த நாளான ஆகஸ்ட் 12 இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வாழ்க்கை

அரங்கநாதன் சீர்காழியில் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் நூலகத்தின் தனிமை பிடிக்காமல் மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பினார். இலண்டனில் பயின்று, இங்கிலாந்தின் பல நூலகங்களைப் பார்த்த பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். அங்கே ஒரு கடையில் கண்ட, சில துண்டுகளைப் பலவாறு பூட்டி வெவ்வேறு உருவங்கள் செய்யும் விளையாட்டுப் பொருளே கோலன் பகுப்பாக்கத்துக்கு வித்திட்டது.

நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல் 1931 இலும், கோலன் பகுப்பாக்கம் 1933 இலும், பகுப்பு வழிப் பட்டியல் விதித்தொகுப்பு 1934 இலும் வெளிவந்தன. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது ஐந்து விதிகளுள் ஒன்று. தலைப்புகள் குறித்த இவரது ஆய்வுகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை எனலாம்.

பெயர்ச் சிக்கல்

இவரது பெயரே நூற்பட்டியலின் ஒரு சிக்கலுக்கு எடுத்துக்காட்டாகும். சீர்காழி ஊரின் பெயர். இராமாமிருதம் தந்தையின் பெயர். அரங்கநாதன் என்பதே இயற்பெயர். மேலை நாட்டு வழக்கில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். தமிழர் பெயர்களில் பெரும்பாலும் அவ்வாறு இல்லை. மேலும் அரங்கநாதன், ரங்கநாதன் என எழுத்து வேறுபாடும் உண்டு. பட்டியலில் இவை தனித்தனியே நின்றால் ஒருவரது நூல்கள் இரண்டு இடங்களில் சிதறிவிடும். எனவே ஒரு வடிவத்தை ஏற்றுக்கொண்டு, பிற வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். இதுவே தலைப்புக் கட்டுப்பாடு எனப்படுகிறது. இந்தியப் பெயர்களைப் பட்டியலில் எழுதும் முறைக்கு அரங்கநாதன் தனி விதிகள் வகுத்தார்.

சங்கிலி முறை

பொருள் தலைப்பிலும் இதே சிக்கல் எழுகிறது. காசநோய், எலும்புருக்கி நோய், சயரோகம் ஆகிய மூன்றும் ஒரே நோயைக் குறிப்பன. மருத்துவர் ஒரு சொல்லில் தேட, நூல் வேறொரு சொல்லின் கீழ் இருந்தால் அந்நூல் அவருக்கு இல்லாததற்கு ஒப்பாகும்.

அரங்கநாதன் 1938 இல் வெளியிட்ட பட்டியல் கோட்பாட்டு நூலில் இதற்கொரு வழி கூறினார். கோலன் பகுப்பாக்கத்தில் எல் என்னும் உரோம எழுத்து மருத்துவத்தையும், அதனுள் 45 நுரையீரலையும், 421 காசநோயையும் குறிக்கும். இவ்வெண்ணைக் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் காசநோய், நுரையீரல், மருத்துவம் என்ற தலைப்பு கிடைக்கும். ஒவ்வொரு கண்ணியாக விட்டுவிட்டால் நுரையீரல், மருத்துவம் என்பதும், இறுதியில் மருத்துவம் என்பதும் கிடைக்கும். எவர் செய்தாலும் ஒரே விடை வரும். 1950 இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூற்றொகை இம்முறையையே ஏற்றது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. பகுப்பெண் தவறானால் தலைப்பும் தவறாகும். ஒருபொருட் பன்மொழிகளைச் சங்கிலி தானாக அறியாது. அவற்றுக்கு வழிகாட்டும் குறிப்புகளைத் தனியே எழுத வேண்டும். பிரித்தானிய நூற்றொகை 1971 இல் வேறு முறைக்கு மாறியது.

கணினியும் மருத்துவத் தலைப்புகளும்

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 இல் தனது மருத்துவப் பொருள் தலைப்புப் பட்டியலை வெளியிட்டது. ஏற்கப்பட்ட சொல், அதன் மாற்றுச் சொற்கள், மேல் கீழ் உறவுகள் ஆகியவற்றை அது தொகுத்துத் தருகிறது. நோயின் பெயரோடு சிகிச்சை, நோயறிதல் போன்ற துணைத் தலைப்புகளை இணைப்பது அரங்கநாதனின் கூறுகளை ஒத்தது. ஆயினும் அது தனியே வளர்ந்த முறையாகும். கணினிப் பட்டியலில் ஏற்புத் தலைப்பு ஒன்று மாறினால், அதனோடு இணைத்த நூற்பதிவுகளில் அம்மாற்றத்தைத் தானாகச் செய்ய முடியும். ஆனால் எச்சொல்லை ஏற்பது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

இறுதிக்காலம்

சென்னைப் பணிக்குப் பின் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருவாக இவரது முயற்சி முக்கியக் காரணம். 1957 இல் பத்மசிறீ விருது பெற்றார். 1962 இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். சங்கிலி முறையின் வழிவந்த பாப்சி என்னும் சுட்டியாக்க முறையை அங்கே கணேசு பட்டாச்சாரியா வகுத்தார். மாற்றுச் சொற்களையும் ஒழுங்குபடுத்தும் சொற்கருவியொன்றும் அதனுடன் அமைந்தது. சங்கிலி முறையில் விடுபட்டது அவ்வாறு சேர்க்கப்பட்டது. 1965 இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அறிவிக்கப்பட்ட அரங்கநாதன், 1972 இல் பெங்களூரில் காலமானார்.